ஜேம்ஸ் ஃபிராங்கை ஆய்வகத்துக்குள் அழைத்து வாருங்கள்: இயற்பியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் இயற்பியல் பாடத்திட்டக் குழுக்களில் பணியாற்றும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பாடத்திட்டத்தைத் திருத்த நீங்கள் கூடும்போதெல்லாம் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்ற இழுபறி எவ்வளவு நேரம் நீளும் என்பது எனக்குத் தெரியும். நானும் நெடுங்காலம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்த இழுபறிக்கு நடுவே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். அணு குறிப்பிட்ட அளவுகளில்தான் ஆற்றலை வாங்கும் என்பதைக் காட்டும் ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்முறைப் பாடத்தில் வைத்திருக்கும் துறைகள் எல்லாம், அந்தச் சோதனையோடு சேர்த்து ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் வாழ்க்கையையும் பாடமாக வைக்க வேண்டும். பிறந்த ஆண்டு, நோபல் பெற்ற ஆண்டு, மறைந்த ஆண்டு என்று ஓரத்தில் பெட்டி கட்டிப் போடும் மூன்று வரிக் குறிப்பைக் கேட்கவில்லை. மாணவர்கள் படித்து, விவாதித்து, அதன்மேல் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு அது பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போது நடப்பதை நீங்களே அறிவீர்கள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, வரைபடம், முடிவு. மாணவி மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறாள், மின்னோட்டத்தைக் குறிக்கிறாள், வரைபடத்தாளில் புள்ளிகளை இணைக்கிறாள், அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே உள்ள தொலைவை அளந்து விடை எழுதுகிறாள். ரெக்கார்டில் கையொப்பம் ஆனதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. சோதனைக்குப் பெயர் கொடுத்த இருவரும் யார் என்று வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருபதாம் நூற்றாண்டின் பாதிக் கதை கிடக்கிறது.

கருவியிலிருந்தே தொடங்குகிறேன். பல கல்லூரிகளில் இன்று இருப்பது ஆர்கான் நிரப்பிய குழாய். அதையும் பெட்டிக்குள் வைத்து மூடி, முகப்பில் திருகுகளும் எண்காட்டிகளும் பொருத்தி விற்கிறார்கள். குழாயைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே மாணவர்களுக்கு அரிது. 1914-இல் பெர்லினில் ஃபிராங்கும் குஸ்தாவ் ஹெர்ட்ஸும் வைத்திருந்தது வெறும் கண்ணாடிக் குழாய். நடுவில் மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி. அதைச் சுற்றி உருளை வடிவில் ஒரு பிளாட்டின வலை. வலைக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல், மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடு. உள்ளே ஒரு துளி பாதரசம். குழாயை 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி உள்ளே பரவும். கம்பியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை வலை இழுக்கும். வலைக்கும் தகட்டுக்கும் நடுவே அரை வோல்ட் அளவுக்கு எதிர் மின்னழுத்தம் வைத்திருந்தார்கள். வலையைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் ஆற்றல் மிச்சம் இருக்கிற எலக்ட்ரான்தான் தகட்டுக்குப் போய்ச் சேரும்.

இழுக்கும் மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற மின்னோட்டமும் ஏறுகிறது. 4.9 வோல்ட்டைத் தாண்டியதும் சட்டென்று விழுகிறது. மீண்டும் ஏறி 9.8-க்கு அருகே விழுகிறது. மறுபடி ஏறி 14.7-க்கு அருகே விழுகிறது. 4.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவான ஆற்றலோடு வந்து மோதும் எலக்ட்ரானிடமிருந்து பாதரச அணு எதையும் வாங்கிக்கொள்வதில்லை. எலக்ட்ரான், சுவரில் பட்ட பந்துபோலத் துள்ளித் திரும்புகிறது. அந்த அளவை எட்டியதும் அணு அவ்வளவு ஆற்றலையும் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. பாதியாகவோ முக்காலாகவோ வாங்கும் பழக்கம் அதற்கு இல்லை. அடுத்த மாதமே இருவரும் இன்னொரு கட்டுரையோடு வந்தார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை வெளியே விடாது என்பதால் குவார்ட்ஸில் குழாய் செய்து பார்த்தார்கள். எலக்ட்ரான்களின் ஆற்றல் 4.9-ஐத் தாண்டியபோது பாதரச ஆவி 253.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விட்டது. அந்த ஒளியின் ஒரு குவாண்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்று பிளாங்க் மாறிலியை வைத்துக் கணக்குப் போட்டால் அதே 4.9 வருகிறது. வாங்கியதை அணு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது.

இவ்வளவு சுத்தமாக அளந்த இருவரும் அந்த அளவீட்டுக்குச் சொன்ன விளக்கம் தவறு. நம் பாடத்தில் காணாமல் போயிருக்கும் முதல் செய்தி இதுதான். அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியேறுவதாக, அதாவது 4.9 வோல்ட் என்பது பாதரசத்தின் அயனியாக்க மின்னழுத்தம் என்று அவர்கள் எழுதினார்கள். உண்மையில் பாதரசத்தின் அயனியாக்க ஆற்றல் 10.4 எலக்ட்ரான் வோல்ட். அணு குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்கும் என்ற தம் அணுக் கொள்கையை டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இலேயே வெளியிட்டிருந்தார். ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. இந்த 4.9 என்பது அணு ஒரு நிலையிலிருந்து மேல் நிலைக்குத் தாவும் ஆற்றல், அயனியாக்கம் அல்ல என்று 1915-இல் சுட்டிக்காட்டியவர் நீல்ஸ் போர்தான். அதன் பிறகும் இருவரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1917-இல் நியூயார்க்கில் டேவிஸ், கவ்ச்சர் என்ற இருவர் செய்த சோதனை நீல்ஸ் போரின் பக்கம் சாய்ந்தது. 1919-இல்தான் ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் தங்கள் விளக்கத்தைக் கைவிட்டார்கள்.

1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. வழங்கப்பட்டது 1926 டிசம்பரில். பரிசுரை ஆற்ற நின்ற மேடையிலேயே ஃபிராங்க் இந்தத் தவறை எடுத்துச் சொன்னார். நீல்ஸ் போரின் கொள்கை எவ்வளவு அடிப்படையானது என்பது எங்களுக்கு எப்படிப் புரியாமல் போனது என்று இப்போது நினைத்தால் விளங்கவில்லை, கட்டுரையில் ஒரு முறைகூட அதைக் குறிப்பிடவில்லையே என்ற பொருளில் பேசினார். மகுடம் சூட்டும் சபையில் நின்று இப்படிப் பேசியவரின் சோதனையை, முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்து செய்ததுபோல நாம் கற்பிக்கிறோம். 'நீல்ஸ் போரின் கொள்கையை நிரூபிக்க ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் செய்த சோதனை' என்று பல வழிகாட்டி நூல்களில் முதல் வரியே இருக்கிறது. அது நடந்ததற்கு நேர் எதிரானது. முகட்டை அளக்கும் மாணவி, இந்த அளவை நான்கைந்து ஆண்டுகள் அதன் சொந்தக்காரர்களே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் அறிந்தால், அளவீடு வேறு, அதற்கு நாம் சொல்லும் பொருள் வேறு என்பதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள். இதைவிடப் பெரிய செய்முறைப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த மனிதருக்கு வருகிறேன். ஜேம்ஸ் ஃபிராங்க் 1882-இல் ஹாம்பர்க்கில் ஒரு யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டம் படிக்க ஹைடல்பெர்க் போனவர் அங்கே வேதியியலுக்குத் தாவினார், பிறகு பெர்லினுக்கு வந்து இயற்பியலாளர் ஆனார். ஹைடல்பெர்க்கில்தான் மாக்ஸ் போர்னின் நட்பு கிடைத்தது. அது கடைசிவரை நீடித்தது. எமில் வார்பர்க்கிடம் ஆய்வு செய்து 1906-இல் முனைவர் பட்டம் பெற்றார். கூட்டாளி குஸ்தாவ் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகளைக் கண்டறிந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் அண்ணன்-தம்பி வழி மகன்.

அந்தக் கட்டுரைகள் வெளிவந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. ஃபிராங்க் தாமாக முன்வந்து படையில் சேர்ந்தார். வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் அமைத்த நச்சுவாயுப் பிரிவில் பணியாற்றினார். ஓட்டோ ஹானும் குஸ்தாவ் ஹெர்ட்ஸும் அதே பிரிவில் இருந்தார்கள். ஹெர்ட்ஸ் 1915-இல் படுகாயம் அடைந்தார். ஃபிராங்குக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை விருது கிடைத்தது. இந்தப் பகுதியை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்கிக் காட்ட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனிதரை மூச்சுத் திணறவைக்கும் வாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோன கூட்டத்தில் அவரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளுக்கு எடை கூடுவதே, அறிவியலை ஆயுதமாக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் அவர் என்பதால்தான்.

1920-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் மாக்ஸ் போர்னை அழைத்தபோது, ஃபிராங்குக்கும் பேராசிரியர் பதவி தர வேண்டும் என்று போர்ன் கேட்டு வாங்கினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சிற்றூர் உலக இயற்பியலின் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. போர்ன் பக்கம் கொள்கை, ஃபிராங்க் பக்கம் சோதனை. மூலக்கூறு ஒளியை உறிஞ்சும்போது அணுக்கருக்கள் நகர்வதற்குள் எலக்ட்ரான் தாவிவிடுகிறது என்ற அவருடைய கருத்தை எட்வர்ட் காண்டன் குவாண்டம் கொள்கையில் பொருத்தினார். நிறமாலை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்த ஃபிராங்க்–காண்டன் தத்துவம் அதுதான். பின்னாளில் அமெரிக்க அணுகுண்டு ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமர் 1927-இல் அங்கே முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை எதிர்கொண்டபோது தேர்வாளர்களில் ஃபிராங்கும் இருந்தார். நல்லவேளை தேர்வு முடிந்தது, பையன் என்னிடமே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான் என்று வெளியே வந்து அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஓப்பன்ஹைமர் இந்தக் கதையில் மறுபடி வருவார்.

1933 ஏப்ரல் 7. ஹிட்லர் அரசு, யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் அவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால், உலகப் போரில் களத்தில் நின்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஃபிராங்குக்கு விலக்கு இருந்தது. இரும்புச் சிலுவை இருந்தது. நோபல் பரிசு இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் சம்பளமும் ஆய்வகமும் அன்றைக்குக் கையைவிட்டுப் போயிருக்காது.

ஏப்ரல் 17-ஆம் தேதி அவர் பதவி விலகினார். யாருக்கும் தெரியாமல் உடல்நலம் காரணம் காட்டி விலகவில்லை. காரணத்தை எழுதினார், மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அது வெளிவந்தது. யூத வழிவந்த ஜெர்மானியர்களாகிய எங்களை அந்நியர்களாகவும் தாய்நாட்டின் எதிரிகளாகவும் நடத்துகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். போரில் பங்கேற்றவர்களுக்குத் தரப்படும் சலுகையை ஏற்க மறுக்கிறேன் என்றார். அதே மூச்சில், தம் இடத்தில் தாக்குப்பிடித்து நிற்பதே கடமை என்று கருதுகிறவர்களின் நிலையும் எனக்குப் புரிகிறது என்றும் எழுதினார். இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. தான் ஒரு பெரிய விலை கொடுக்கும் நேரத்தில், கொடுக்க முடியாதவர்களைக் குத்திப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கோட்டிங்கன் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபிராங்கின் பதவி விலகல் நாசவேலைக்குச் சமம் என்றும், அது வெளிநாட்டில் ஜெர்மனிக்கு எதிரான பிரச்சாரத்துக்குப் பயன்படும் என்றும், களையெடுப்பை அரசு விரைவுபடுத்தும் என்று நம்புவதாகவும் அதில் சொன்னார்கள். அரசு வற்புறுத்தி எழுதவைத்ததாகச் சொல்லிச் சமாதானம் அடைய இடமில்லை. படித்தவர்கள், பட்டம் வழங்குகிறவர்கள், அவரோடு ஒரே வளாகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நடமாடியவர்கள். நம் மாணவர்களும் நாளை ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஒரு தாளின் முன் உட்காரப் போகிறவர்கள். விலகல் கடிதத்தையும் 42 பேரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் ஒரு முறையாவது படித்திருக்க வேண்டாமா?

ஃபிராங்க் தம் ஆய்வகத்தில் இருந்த இளைஞர்களுக்கு வெளிநாடுகளில் இடம் தேடிக் கொடுத்துவிட்டு அந்த ஆண்டின் கடைசியில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் சிறிது காலம், 1935-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 1938 முதல் சிகாகோ. சிகாகோவில் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தார். அணுவும் மூலக்கூறும் ஒளியை வாங்கும் விதத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், பச்சை இலை ஒளியை வாங்கும் விதத்துக்குப் போனது இயல்பான நகர்வு.

மாணவர்கள் எளிதில் மறக்காத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். ஃபிராங்கின் நோபல் பதக்கமும் இன்னொரு ஜெர்மானிய இயற்பியலாளரான மாக்ஸ் ஃபான் லாவேயின் பதக்கமும் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் பாதுகாப்பில் இருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது கடுங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. லாவே அப்போதும் ஜெர்மனியில்தான் இருந்தார். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. புதைத்துவிடலாம் என்றார் அந்த நிறுவனத்தில் இருந்த வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி. தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று நீல்ஸ் போர் தயங்கினார். ஹெவெசி இரண்டு பதக்கங்களையும், தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் போட்டார். தங்கம் எளிதில் வினைபுரியாத உலோகம் என்பதால் கரைவதற்கு நேரம் பிடித்தது. படைகள் தெருவில் அணிவகுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அவர் கரைத்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தைச் சோதனை போட்டவர்கள் அலமாரியில் இருந்த குடுவையைக் கண்டுகொள்ளவில்லை. போர் முடிந்து வந்து பார்த்தபோது அது அப்படியே இருந்தது. கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்து ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். நோபல் அறக்கட்டளை அந்தத் தங்கத்திலேயே பதக்கங்களை மறுபடி வார்த்துக் கொடுத்தது. 1952-இல் ஃபிராங்க் தம் பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்.

இந்த மடலை நான் எழுதுவதற்கான முக்கியக் காரணம் 1945 ஜூன் மாதம். அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் சிகாகோவின் உலோகவியல் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவுக்குத் தலைமை ஏற்க ஃபிராங்கை ஆர்தர் காம்ப்டன் அழைத்தார். ஹிட்லர் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்ததுபோல ஃபிராங்குக்கும் இருந்தது. ஆனால் சேரும்போதே ஒரு நிபந்தனை வைத்தார். குண்டு தயாரானால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றி, முடிவெடுக்கும் மேலிடத்தில் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே இப்படி ஒரு நிபந்தனையை எழுப்ப எத்தனை பேருக்குத் தோன்றும்?

ஜெர்மனி மே மாதத்தில் சரணடைந்தது. குண்டு கிட்டத்தட்டத் தயார். அதன் அரசியல், சமூக விளைவுகளை ஆராய சிகாகோவில் ஒரு குழு அமைந்தது. ஃபிராங்க் தலைவர். லியோ சிலார்டு, கிளென் சீபோர்க், யூஜீன் ரபினோவிட்ச், டொனால்டு ஹியூஸ், ஜேம்ஸ் நிக்சன், ஜாய்ஸ் ஸ்டியர்ன்ஸ் ஆகியோர் உறுப்பினர்கள். அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியவர் ரபினோவிட்ச். கோட்டிங்கன் நாட்களிலேயே ஃபிராங்கோடு வேலை செய்தவர். ஜூன் 11-ஆம் தேதியிட்ட அந்த ஆவணம் இன்று ஃபிராங்க் அறிக்கை என்று அறியப்படுகிறது.

அதன் வாதம் வெறும் மன்றாட்டாக இல்லை. இயற்பியலாளர் எழுதிய வாதமாகவே இருக்கிறது. இயற்கையின் அடிப்படை உண்மைகளை ரகசியமாகப் பூட்டிவைக்க முடியாது; யுரேனியத்தை ஒரே நாடு தன்வசம் வைத்துக்கொள்ளவும் முடியாது; மற்ற நாடுகள் நம்மை எட்டிப் பிடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் போதும்; முன்னறிவிப்பு இல்லாமல் ஜப்பான்மீது குண்டைப் போட்டால் உலகத்தின் நம்பிக்கையை இழப்போம்; மறுநாள் காலையிலேயே ஆயுதப் போட்டி தொடங்கிவிடும். ஆகவே பாலைவனத்திலோ ஆள் இல்லாத தீவிலோ, உலக நாடுகளின் பிரதிநிதிகள் கண்முன் வெடித்துக் காட்டுங்கள் என்றது அறிக்கை.

அதை எடுத்துக்கொண்டு ஃபிராங்க் வாஷிங்டனுக்குப் போனார். போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனைச் சந்திக்க முடியவில்லை. அறிக்கையை அலுவலகத்தில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. உடன் போன காம்ப்டனே, குண்டைப் பயன்படுத்தாவிட்டால் போர் நீண்டு உயிர்ச்சேதம் கூடும் என்பதை இந்த அறிக்கை கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு குறிப்பையும் சேர்த்து வைத்தார். ஜூன் 16-ஆம் தேதி அறிவியலாளர் குழு ஒன்று தன் கருத்தைச் சொன்னது. காம்ப்டன், ஃபெர்மி, லாரன்ஸ், அவர்களோடு ஓப்பன்ஹைமர். போரை முடித்துவைக்கக்கூடிய செயல்விளக்கம் எதையும் எங்களால் முன்வைக்க முடியவில்லை, நேரடியாகப் பயன்படுத்துவதற்கு மாற்று தெரியவில்லை என்றார்கள். கோட்டிங்கனில் ஃபிராங்கின் முன் தேர்வுக்கு நின்றவர் இப்போது அவருடைய யோசனையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9 நாகசாகி. 1949 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஃபிராங்க் குழு சொன்ன கணக்கு ஏறக்குறைய அப்படியே பலித்தது.

காம்ப்டனின் மறுப்பிலும் சிந்திக்க வேண்டியது இருக்கிறது. அதை நான் தள்ளிவிடவில்லை. பாலைவனத்தில் வெடித்துக் காட்டியிருந்தால் ஜப்பான் சரணடைந்திருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு; ஃபிராங்க் சொன்னதுதான் சரி என்று நம்புகிறேன். ஆனால் மாணவர்கள் என் முடிவுக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு பக்கத்து ஆவணங்களும் சிறியவை, ஒரு வகுப்பு நேரத்தில் படித்துவிடலாம். படித்துவிட்டு அவர்களே வாதாடட்டும்.

குஸ்தாவ் ஹெர்ட்ஸ் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூதத் தாத்தா இருந்த காரணத்தால் அவரும் பெர்லினில் பேராசிரியர் பதவியை இழந்தார். பிறகு சீமென்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குப் போய்க் கருங்கடல் ஓரம் சுகுமியில் யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் ஆய்வில் பல ஆண்டுகள் இருந்தார். 1954-இல் லைப்ட்சிக் வந்து பேராசிரியர் ஆனார். ஒரே குழாயின் முன் தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவர் அமெரிக்க அணுத் திட்டத்திலும் மற்றவர் சோவியத் அணுத் திட்டத்திலும் வேலை செய்திருக்கிறார்கள். இதை அறியாமல் மாணவர்கள் 'ஃபிராங்க்–ஹெர்ட்ஸ்' என்று ஒரே சொல்லாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. போர் முடிந்த 1945-இன் இறுதியில் ஜெர்மானிய மக்கள் பசியில் வாடினார்கள். அவர்களை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு வேண்டுகோளுக்குக் கையொப்பம் திரட்டியவர்களில் ஃபிராங்க் முன்நின்றார். ஐன்ஸ்டைனிடமும் கேட்டார். ஐன்ஸ்டைன் கடுமையாக மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றழித்த நாடு அது. தம்மைத் துரத்திய நாட்டின் பட்டினிக்காக ஃபிராங்க் கையேந்தினார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். 1953-இல் கோட்டிங்கன் நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அதை அவர் ஏற்றுக்கொண்டார். 1964 மே 21-ஆம் தேதி அந்த ஊருக்கு வந்திருந்தபோதே காலமானார்.

பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும். நான் கேட்பது புதிய தாளும் அல்ல, புதிய அலகும் அல்ல. இந்தச் சோதனைக்கு ஒதுக்கிய ஆய்வக வகுப்புகளோடு ஒரே ஒரு வகுப்பு நேரம் போதும். செய்முறைக் கையேட்டில் சில பக்கங்கள். அறிவியலாளரின் அரசியல் நமக்கு எதற்கு என்ற மறுப்பையும் கேட்டிருக்கிறேன். என் பணிக்காலத்தில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, இதெல்லாம் வரலாற்றுத் துறையின் வேலை என்று மூத்தவர் ஒருவர் முடித்துவைத்தார். வரலாற்றுத் துறையில் 4.9 வோல்ட் என்றால் என்னவென்று யார் சொல்லித் தருவார்கள்? அந்த எண்ணை வைத்துத் தவறாக எண்ணி, பிறகு திருத்திக்கொண்ட மனிதர்தான் 1933-இல் கடிதம் எழுதினார், 1945-இல் அறிக்கை கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம் இயற்பியல் ஆய்வகம்தான்.

இன்று நம் மாணவர்கள் அணுமின் நிலையத்திலும் ஏவுகணை ஆய்விலும் கணினி நிறுவனங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். தாங்கள் செய்கிற பொருள் யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் தருணம் அவர்களில் சிலருக்காவது வரும். கேட்கலாம், கேட்டவர் ஒருவர் இருந்தார், கேட்டும் தோற்றார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, அடுத்த திருத்தத்தில் நீங்கள் செய்ய வேண்டியதை நேராகவே சொல்கிறேன். கையேட்டில் இந்தச் சோதனையின் முன்னுரையைத் திருத்துங்கள்: 1914-இல் அவர்கள் என்ன நினைத்தார்கள், 1919-க்குள் அது எப்படி மாறியது என்பது அதில் வரட்டும். 1933-இன் விலகல் கடிதம், 42 பேரின் அறிக்கை, 1945-இன் ஃபிராங்க் அறிக்கை, அதற்கு வந்த பதில் ஆகியவற்றின் முக்கியப் பகுதிகளை நல்ல தமிழில் மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேருங்கள். நச்சுவாயுப் பிரிவில் அவர் இருந்ததையும் விடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் இதிலிருந்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று தேர்வாளர்களுக்கான குறிப்பில் எழுதுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். கையேட்டின் வரைவை எந்தத் துறை அனுப்பினாலும் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

மிக்க மதிப்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்